கெட்டி மண் என்று சொன்னவள்

செல்லியம்மாளின் குதிகால் பொய் சொல்லாது என்று ரோடு போடுகிற ஆட்கள் மத்தியில் ஒரு பேச்சு இருந்தது. வெறுங்காலோடு நடந்து போவாள். சந்தேகமான இடம் வந்தால் நின்று, குதிகாலை ஊன்றி ஒரு திருகு திருகுவாள். பிறகு குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, உள்ளங்கையில் வைத்து விளக்குத் திரி மாதிரி உருட்டுவாள். திரி சட்டென்று உதிர்ந்துபோனால் நல்ல மண், தைரியமாக மேலே ஜல்லி கொட்டலாம். உதிராமல் நீண்டுகொண்டே போனால் களி. அது வெயிலில் வெடிக்கும், மழையில் ஊறும், மேலே போகிற வண்டியை என்றைக்காவது ஒரு நாள் கவிழ்க்கும். இதே காரியத்தை மெட்ராசில் கண்ணாடிக் குடுவைகளை வைத்துக்கொண்டு செய்கிறார்களாம். அங்கிருந்து பதில் வர மூன்று வாரம் ஆகும். செல்லியம்மாளுக்கு ஒரு வாய் வெற்றிலை போடுகிற நேரம் போதும்.

இவ்வளவு தெரிந்தவளுக்கு என்ன பதவி என்று கேட்டால், சித்தாள். பதினாறு வருஷமாகச் சித்தாள். மண் சுமப்பது, தண்ணீர் ஊற்றுவது, திமிசுக் கட்டையால் இடிப்பது. மேஸ்திரி காசிநாதன் விவசாயக் குடும்பத்து மனிதர், கெட்டவர் இல்லை. அவளுடைய வார்த்தையைக் கேட்டுத்தான் எந்த இடத்திலும் கயிறு கட்டுவார். ஆனால் தாகம் எடுத்தால் அவள் பானையை விட்டுவிட்டு இரண்டு பர்லாங் நடந்து போய்க் குடித்துவிட்டு வருவார். இரண்டு பேருக்குமே இதில் ஒரு விசேஷமும் தெரிந்ததில்லை. அப்படித்தான் வைத்திருந்தோம் நம் ஊர்களை.

எழுபத்தொன்றாம் வருஷம் சித்திரையில் அந்த வேலை வந்தது. கல்யாணப் பட்டு எடுக்க மெட்ராசிலிருந்து கார்களும், கோவில் பார்க்க எங்கெங்கிருந்தோ பஸ்களும் காஞ்சிபுரத்துத் தெருக்களுக்குள் முட்டிக்கொண்டு நின்ற காலம். நெசவுக்காரர்கள் காலையில் தெருவோடு தெருவாகப் பாவு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் யாரோ பெரிய மனிதரின் கார் அப்படி விரித்திருந்த பாவின் மேலேயே ஏறிப்போய், பெரிய ரகளையாகிவிட்டது. அதன் பிறகுதான் மேலே இருக்கிறவர்களுக்குப் புத்தி வந்தது. ஊருக்கு வெளியே, வாலாஜாபாத் ரோட்டோரம் கிடந்த புறம்போக்கை மேடு பள்ளம் இல்லாமல் ஆக்கி, தார் போட்டு, வண்டிகளையெல்லாம் அங்கே நிறுத்துவது என்று முடிவாயிற்று. புதிதாக வந்திருந்த ஓவர்சியர் கலியாணசுந்தரம் படம் போட்டார். மேல் மண்ணைச் சுரண்டி எடுப்பது, களி இருக்கும் இடத்தில் இரண்டடி தோண்டி எறிந்துவிட்டுச் சரளை மண் நிரப்புவது, அதன் மேல் ஜல்லி, அதன் மேல் தார், தண்ணீர் நிற்காமல் ரோட்டுப் பக்கம் ஓடுகிற மாதிரி ஒரு சரிவு. நல்ல படம்தான். குறை சொல்ல முடியாது.

எந்தப் புறம்போக்கு என்று காசிநாதன் சொன்னதும் செல்லியம்மாள் வாயில் போடப் போன வெற்றிலையைக் கீழே வைத்தாள்.

அங்கேதான் அவள் மகள் சம்பூர்ணம் கிடந்தாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. அப்போது அதே ரோட்டில் கப்பிக் கல் போடும் வேலை. செல்லியம்மாளும் புருஷன் தர்மனும் முசரவாக்கத்திலிருந்து வந்து ரோட்டோரம் ஓலைக் குடிசை போட்டுத் தங்கியிருந்தார்கள். சம்பூர்ணத்துக்கு மூன்று வயது. ஒரு பகலும் ஓர் இரவும் வாந்தி பேதி, அவ்வளவுதான். விஷயம் வெளியே தெரிந்தால் குடிசைகளைக் கொளுத்தி எல்லோரையும் விரட்டிவிடுவார்கள் என்று பயம். சின்னக் குழந்தையைப் புதைக்கப் பெற்றவள் போகக் கூடாது என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். விடிகிற நேரத்தில் தர்மன் மட்டும் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனான். திரும்பி வந்து கை கழுவிக்கொண்டே சொன்னான்: “பர்லாங் கல்லுக்கு நேரா, இருபத்தஞ்சு காலடி. முழங்கால் ஆழம் வெட்டி வெச்சிருக்கேன். அழுவாத.”

அந்த ஒரு வாக்கியம்தான் அவளுக்கு மிச்சம். குழியை அவள் பார்த்ததில்லை. அடுத்த மாதமே வேலை திண்டிவனம் பக்கம் போய்விட்டது, அவர்களும் போனார்கள். எட்டு வருஷம் கழித்துத்தான் காஞ்சிபுரத்துக்குத் திரும்பினாள், அதுவும் தனியாக. தர்மன் வழியிலேயே நெஞ்சுச் சளியில் போய்விட்டிருந்தான். ஊருக்குப் போகிற பஸ்ஸில் அந்த இடம் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். ரோட்டோரம் தூரம் எழுதி நட்டிருந்த அந்தப் பர்லாங் கல்லைப் பார்ப்பாள், கல்லுக்கு நேரே வெட்டவெளியைப் பார்ப்பாள். இறங்கிப் போய் நின்றதில்லை. நின்றால் யாராவது ஏன் நிற்கிறாய் என்று கேட்பார்கள்.

சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு நாம் கேட்கலாம். சேரிக் குழந்தையின் பிணத்தை ஊர்ப் பொது நிலத்தில், அதுவும் சாமி பார்க்க வருகிறவர்கள் கால் வைக்கிற இடத்தில், யாருக்கும் சொல்லாமல் புதைத்தோம் என்று எந்த வாயால் சொல்வாள்? சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். தோண்டி எடுத்து எறிவார்கள். அய்யரை வைத்துத் தீட்டுக் கழிப்பார்கள். வேலையும் போகும். எதுவும் சொல்லாமல் அந்தக் கொஞ்ச இடத்தைத் தோண்டாமல் விட வைத்துவிட்டால் போதும் என்று நினைத்தாள். மேலே தார் போடட்டும், பஸ் நிற்கட்டும். கீழே பிள்ளை தூங்கட்டும்.

மண் பார்க்கிற நாள் வந்தது. அவள் முன்னால் நடக்க, காசிநாதன் சுண்ணாம்புச் சட்டியோடு பின்னால் வந்தார். அவள் களி என்றால் கோடு இழுப்பார், கெட்டி என்றால் விட்டுவிடுவார். ரோட்டை ஒட்டின பக்கம் முழுவதும் களியாகவே இருந்தது. எந்தக் காலத்திலோ கால்வாய் ஓடித் தூர்ந்த இடம். களி, களி என்று சொல்லிக்கொண்டே பர்லாங் கல்லுக்கு நேராக வந்தவள், மனதுக்குள் எண்ண ஆரம்பித்தாள். தர்மனுக்கு நீளமான கால். அவனுடைய இருபத்தைந்து காலடி என்றால் தன்னுடையது முப்பது இருக்கும் என்று கணக்குப் போட்டாள். ஒன்றிரண்டு முன்னே பின்னே ஆனாலும் தப்பக் கூடாது என்று சுற்றிலும் இடம் சேர்த்துக்கொண்டாள். முப்பதாவது காலடியில் நின்று குதிகாலைத் திருகினாள். மண்ணை எடுத்து உருட்டினாள். திரி நீண்டுகொண்டே போயிற்று. சட்டென்று விரல்களால் நசுக்கிக் கீழே உதறினாள்.

“இது கெட்டி மேஸ்திரி. சரள கலந்துக்கினு இருக்குது. இங்கேர்ந்து பன்னெண்டு அடிக்கி கை வெக்க வாணாம்.”

“சுத்திலும் களின்ற, நடுவுல மட்டும் கெட்டியா?”

“பழைய மேடு ஒன்னு இருந்திருக்கும். நான் இன்னா செய்யட்டும், மண்ணு அப்படி இருக்குது.”

காசிநாதன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் காலைப் பார்த்தார். அந்தக் குதிகாலை அவர் நாலு வருஷமாக நம்பியிருந்தார். சதுரமாக ஒரு இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிக் கோடு போட்டார்.

தோண்டின பிறகு பார்த்தால் வேடிக்கையாக இருந்தது. நாலாபக்கமும் இரண்டடிப் பள்ளம், நடுவில் மேடை போட்ட மாதிரி ஒரு சதுரம். ஓவர்சியர் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“இது என்ன மேஸ்திரி, யாருக்குச் சிம்மாசனம்?”

“கெட்டி மண்ணுங்க. தோண்ட வாணாம்னு விட்டேன்.”

ஓவர்சியர் படித்த பிள்ளை, அப்படியே நம்பிவிடுகிறவர் இல்லை. கடப்பாரையை வாங்கி ஓங்கிப் போட்டார். கணீர் என்று சத்தம் வந்தது, பாரை துள்ளிக்கொண்டு திரும்பியது. சித்திரை வெயிலில் காய்ந்த களிமண் கருங்கல்லுக்குச் சமம். ஐப்பசியில் அதே மண் கூழ். இது அவருடைய புத்தகத்திலும் இருந்திருக்கும், ஆனால் அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது, இன்னும் ஐந்து இடம் பார்க்க வேண்டியிருந்தது. சரி என்று சொல்லிவிட்டுப் போனார். செல்லியம்மாள் பாண்டுச் சட்டி மண்ணைத் தலையில் வைத்துக்கொண்டு லாரியை நோக்கி நடந்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. பொய் சொல்லிக் காப்பாற்றிவிட்டாள், பொய்யை யார் காப்பாற்றுவது? சுற்றிலும் சரளை, நடுவில் களி. மழைத் தண்ணீர் சரளை வழியாக இறங்கி நேராகப் போய்க் களியைத்தான் ஊற வைக்கும். இது அவளைவிட யாருக்குத் தெரியும்? மற்றவர்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில் அவள் கோடு போட வைத்திருந்த சுண்ணாம்பை முந்தானையில் அள்ளிவந்து அந்தச் சதுரத்தில் தூவினாள். மண்ணைக் கிளறிக் கலந்து, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையை எடுத்து இடித்தாள். சுண்ணாம்பு கலந்த களி கொஞ்சம் இறுகும். நாலு விரல் ஆழத்துக்குத்தான் இறுகும், அதற்கு மேல் அவளால் முடியாது. பிள்ளை படுத்திருக்கும் இடத்தின் மேல் தொம் தொம் என்று கட்டை விழுந்தது. முதுகில் தட்டித் தூங்க வைத்த கை அது. “கொஞ்சம் பொறுத்துக்கம்மா, கொஞ்சம் பொறுத்துக்கோ” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இடித்தாள்.

“கெட்டி மண்ணுன்ன, அப்பறம் எதுக்கு இந்த இடி இடிக்கிற? போய்ச் சோறு துன்னு” என்றார் காசிநாதன்.

“மேல கொஞ்சம் பொருக்கா இருக்குது மேஸ்திரி.”

அவளுடைய உழைப்பை மெச்சிக்கொண்டு அவர் போய்விட்டார். பாவம் மனிதர். உதவிக்கு இன்னொரு பெண்ணை வேறு அனுப்பி வைத்தார்.

ஆனி மாதம் ரோலர் வந்தது. அந்தப் பத்து டன் இரும்பு அந்த இடத்தின் மேல் போய்விட்டு வந்த ஒவ்வொரு தடவையும் செல்லியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். பதினாலு தடவை. பிறகு தார். ஆடியில் தோரணம் கட்டி, மாலை போட்டு, யாரோ பேசி, வண்டி நிறுத்துமிடத்தைத் திறந்தார்கள். முதல் நாளே நாற்பது பஸ்.

அதன் பிறகு மூன்று மாதம், அவள் வாழ்க்கையில் நல்ல காலம் என்று சொன்னால் அதைத்தான் சொல்ல வேண்டும். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். கறுகறுவென்று வழவழப்பாகத் தரை. பட்டுப் பெட்டிகளோடு கல்யாண வீட்டார் நடந்து போவார்கள். இனிமேல் நாய் கிளறாது, யாரும் குப்பை கொட்டமாட்டார்கள், வீடு கட்டமாட்டார்கள் என்று நினைத்துக்கொள்வாள். ஓர் அம்மா இதற்குச் சந்தோஷப்பட வேண்டியிருந்தது.

ஐப்பசி மழை ஒன்பது நாள் விடாமல் அடித்தது. பத்தாவது நாள் காலையில் யாத்திரை பஸ் ஒன்று அந்த இடத்தில் வந்து நின்றது. ஆட்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே தார் அப்பளம் மாதிரி பிளந்து, பின் சக்கரம் ஒன்று அச்சு வரைக்கும் உள்ளே போயிற்று. பஸ் சாய்ந்தது. படியில் நின்றிருந்த கிழவர் ஒருவர் விழுந்து இடுப்பு முறிந்தது. உயிர் போகவில்லை, ஆனால் அவர் எழுந்து நடக்கவும் இல்லை என்று பிற்பாடு சொன்னார்கள்.

விசாரணைக்குக் கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். அந்தச் சதுரத்தை மட்டும் ஏன் தோண்டவில்லை என்று கேட்டார்கள். யார் பார்த்துச் சொன்னது?

செல்லியம்மாள் தள்ளி, வேலையாட்கள் கூட்டத்தோடு நின்றிருந்தாள். தன் பெயர் வரப்போகிறது என்று காத்திருந்தாள்.

“நான்தாங்க பாத்தேன்” என்றார் காசிநாதன்.

அவளைக் காப்பாற்றத்தான் சொன்னாரா, இல்லை, ஒரு சித்தாள் பேச்சைக் கேட்டு வேலை செய்தேன் என்று பெரிய அதிகாரிகள் முன்னால் ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டுச் சொன்னாரா என்பது அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரியவில்லை. அவள் வாயைத் திறக்கவும் இல்லை. அன்றோடு காசிநாதனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஓவர்சியரை வேறு எங்கும் மாற்றவில்லை. கடப்பாரை போட்டுப் பார்த்ததை அவரும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை.

கார்த்திகையில் மழை விட்டதும் பழுது பார்க்க ஆள் இறக்கினார்கள். இந்தத் தடவை இரண்டடி இல்லை, நல்ல மண் தட்டுகிற வரைக்கும் தோண்டச் சொன்னார் ஓவர்சியர். செல்லியம்மாளைக் கூப்பிட ஆள் வந்தபோது உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்திருக்கலாம். அவளால் இருக்க முடியவில்லை. எலும்பு ஏதாவது கிடைத்தால் தன் பாண்டில் விழட்டும், முந்தானையில் முடிந்து எடுத்துக்கொண்டு போய் ஊரில் வைத்துவிடலாம் என்று வந்தாள். மண்வெட்டி விழுந்த ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்த்தாள். இரண்டடி, மூன்றடி. ஒன்றும் இல்லை. நான்கரை அடியில் மஞ்சள் நிறத்துச் சரளை தெரிந்தது, தோண்டினவர்கள் மேலே ஏறி வந்தார்கள்.

பாண்டை வைத்துவிட்டு அவள் பள்ளத்தில் இறங்கினாள். நாலு பக்கத்துச் சுவரையும் கையால் தடவிப் பார்த்தாள். மேலே சித்திரையில் கொட்டின சரளை, அதற்குக் கீழே கறுப்புக் களி, அதன் நடுவே விரல் கனத்துக்கு வெள்ளை மணல் ரேகை, மறுபடியும் களி, மறுபடியும் ரேகை. எந்தக் காலத்திலோ கால்வாய் வெள்ளம் கொண்டுவந்து படிய வைத்தது. ஒரு தடவை வெட்டின மண்ணில் அந்த ரேகை கலைந்துவிடும், நூறு வருஷம் ஆனாலும் திரும்பச் சேராது. இங்கே நாலு பக்கமும் அது அறுபடாமல் ஓடியது; வெட்டி மேலே போட்ட கட்டிகளிலும் அதே ரேகைதான். பள்ளம் முழுவதும் சுற்றிப் பார்த்தாள். இந்த மண்ணை மனிதன் எவனும் இதற்கு முன் தோண்டியதே இல்லை.

மேலே ரோட்டோரம் காசிநாதன் நின்றுகொண்டிருந்தார். வேலை போன பிறகும் அந்தப் பக்கம் வந்து நிற்கிற வழக்கம் அவரை விடவில்லை. முகத்தில் பத்து நாள் தாடி. செல்லியம்மாள் சேற்றுக் கையோடு அவர் எதிரே போய் நின்றாள்.

“மேஸ்திரி, உங்களுக்குத் துரோகம் பண்ணிட்டேன்.”

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். குழந்தை, வாந்தி பேதி, தர்மன் தூக்கிக்கொண்டு போனது, உருட்டின திரி நீண்டது, நசுக்கிப் போட்டது. நின்ற இடத்திலேயே, மூச்சு விடாமல் சொன்னாள்.

“உள்ள ஒன்னும் இல்ல மேஸ்திரி. அது தோண்டாத மண்ணு. இருபத்தஞ்சு காலடின்னு அவரு சொன்னாரு, நான் சரியாத்தான் எண்ணினேன்.”

“எங்கேர்ந்து எண்ணின?”

“தோ, அந்தப் பர்லாங் கல்லுலேர்ந்து.”

காசிநாதன் கல்லைத் திரும்பிப் பார்த்தார்.

“எந்த வருஷம் பொதைச்சீங்க?”

“கப்பி போட்டப்போ. அம்பத்தொம்பது.”

“அறுபத்திமூணுல இந்த ரோட்ட இந்தப் பக்கமா அகலப்படுத்தினோம் செல்லி. நீ அப்போ திண்டிவனத்துல இருந்த. கல்லப் புடுங்கி இப்பிடித் தள்ளி நட்டது நான்தான். பன்னெண்டு அடி.”

ரோடு அகலமானால் கல்லைத் தள்ளி நடுவார்கள். திண்டிவனத்தில் அவளே எத்தனையோ கல்லைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். தர்மனின் கால் நீளத்தையெல்லாம் கணக்குப் போட்டவளுக்கு இது மட்டும் தோன்றவே இல்லை.

“மொதல்லயே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கல்லு நவுந்த கதையச் சொல்லியிருப்பேனே” என்றார் காசிநாதன்.

சொல்லியிருந்தால் அவர் ஊரைக் கூட்டியிருப்பாரா, வாயை மூடிக்கொண்டு கோட்டைத் தள்ளிப் போட்டிருப்பாரா? அது யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்காது.

செல்லியம்மாள் திரும்பி, கல்லுக்கும் பள்ளத்துக்கும் நடுவே இருந்த இடத்தைப் பார்த்தாள். பள்ளத்திலிருந்து ரோட்டுப் பக்கமாகப் பன்னிரண்டு அடி. களி, களி என்று அவளே சொல்லிச் சொல்லிக் கோடு போட வைத்த இடம். சித்திரையில் இரண்டடி தோண்டி எடுத்த இடம். வெடித்து ஓடாய்க் காய்ந்து கிடந்ததை எல்லோரும் வரிசையாகத் தலையில் சுமந்துகொண்டு போய் லாரியில் கொட்டினார்கள். அந்த வரிசையில் அவளும் இருந்தாள். நடுவில் விட்டிருந்த சதுரத்தின் மேல் யாரும் கால் வைத்துவிடக் கூடாதே என்று அதையே பார்த்துக்கொண்டு சுமந்தாளே தவிர, தலையில் இருந்த மண்ணை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

“அந்த மண்ண எங்க கொண்டும்போனாங்க மேஸ்திரி?”

“களி தானே. செங்கல் சூளைக்காரங்க வாரிக்கினு போனாங்க. வாலாஜாபாத் பக்கம் நாலு, இந்தப் பக்கம் ரெண்டு. எந்த லோடு எங்க போச்சுன்னு யாரு கண்டது.”

அவள் தலையை ஆட்டினாள். அழ வேண்டும் போல் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக அழுவதற்கு ஒரு திசையாவது இருந்தது. பஸ் ஜன்னலில் திரும்பிக்கொள்ள ஒரு பக்கம் இருந்தது. இப்போது எந்தப் பக்கம் திரும்பி அழுவது என்று தெரியவில்லை.

சரளை லாரி வந்து நின்றது. தண்ணீர் ஊற்ற ஆள் எங்கே என்று ஓவர்சியர் கத்தினார். செல்லியம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.